வெள்ளி கறுக்கும் காற்று

ஆம்பூரில் அந்தப் பெரியவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து வெள்ளி அரைஞாண் கயிற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இதை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார். எட்டாம் நாள் குளிக்கும்போது பார்த்தால் கயிறு அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. மாமனார் போலி வெள்ளியைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பெரிய சண்டை. நகைக்கடைக்காரர்தான் உரசிப் பார்த்துவிட்டு, "வெள்ளி நல்ல வெள்ளிதான், நீ எங்க வேலை செய்யற?" என்று கேட்டாராம். அன்றைக்குக் கழற்றி டப்பாவில் போட்டது. அவர் மனைவி புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வந்துவிட்டது. கொக்கியின் இடுக்கில் மட்டும் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

அந்தக் கறுப்பு ஒரு வாயுவின் கையெழுத்து. ஹைட்ரஜன் சல்பைடு என்று அதற்குப் பெயர். முதல் உலகப் போரில் ஆயுதமாக இறக்கப்பட்டு, சரிப்பட்டு வராது என்று ஒதுக்கப்பட்ட வாயு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் அது இன்றைக்கும் வேலையில் இருக்கிறது. அது வந்த வழியை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அந்தக் கொக்கியைப் பார்த்த பிறகுதான்.

இந்தக் கறுப்பை முதலில் எழுதிவைத்தவர் ஓர் இத்தாலிய வைத்தியர், பெர்னார்டினோ ராமஸ்ஸினி. மோடெனா நகரில் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வந்திருந்தான். அவன் தலைதெறிக்கிற வேகத்தில் வேலை செய்வதைப் பார்த்து, ஏனப்பா இப்படி அவசரப்படுகிறாய் என்று கேட்டார். இந்தக் குழிக்குள் நாலு மணி நேரம் நிற்பது என்னவென்று நின்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது, கண் குருடாவதற்குச் சமம் என்றான் அவன். ராமஸ்ஸினி அவன் கண்ணைச் சோதித்தார். சிவந்து மங்கியிருந்தது. குழி வேலைக்காரர்களின் பையில் கிடக்கும் செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப்போவதையும் கவனித்தார். காசைக் கறுக்கவைக்கிற ஏதோ ஒன்றுதான் கண்ணையும் எரிக்கிறது என்று ஊகித்தார். தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700இல் வெளிவந்தது. தோல் பதனிடுவோருக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். ஆம்பூர் நகைக்கடைக்காரர் ராமஸ்ஸினியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

1777இல் ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்ல் ஷீலே இந்த வாயுவைத் தனியாகப் பிரித்து அதன் குணங்களை விவரித்தார். நிறம் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கொஞ்சம் கனம், ஆகவே பள்ளத்தில் இறங்கித் தங்கும். தீப்பிடிக்கும். உடம்புக்குள் போனால் ஒவ்வோர் உயிரணுவும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சயனைடு கொல்வதும் இதே இடத்தில்தான்.

இதையெல்லாம் விடக் கொடிய குணம் ஒன்று உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் 'நின்றுவிடும்'. தொட்டிக்குள் இறங்கியவர், அப்பாடா, வாடை போய்விட்டது என்று மூச்சை இழுத்து விடுவார். ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது. மேலே நிற்பவருக்கு, வழுக்கி விழுந்தது போலத் தெரியும். தூக்கிவிட இறங்குவார். அவரும் சாய்வார். மூன்றாமவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார், அல்லது ஒரே தெருக்காரர். இந்தச் சாவுகள் ஏன் இரண்டும் மூன்றுமாக வருகின்றன என்பதற்கு இதுதான் காரணம். கூட வேலை செய்பவன் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மனிதனால் முடியாது.

சரி, இது டேனரிக்குள் எப்படி வந்தது?

பழைய வடஆற்காட்டுத் தோல் தொழில் பட்டையில் நடந்த தொழில். ஊறவைத்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் போட்டு மயிரைத் தளர்த்தி, கத்தியால் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். அப்படி வந்த தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்று பெயர், சுருக்கமாக ஈ.ஐ. நாற்றம் அப்போதும் இருந்தது. ஆனால் அந்தத் தொழில் மெதுவாக நடந்தது, குழிகளும் திறந்து கிடந்தன.

பிறகு அவசரம் வந்தது. சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்த்தால், நாள்கணக்கில் ஆகிற மயிர் நீக்கம் ஓர் இரவில் முடிகிறது. நூறு கிலோ தோலுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். மஞ்சளும் செங்கல் நிறமும் கலந்த செதில்களாக மூட்டையில் வரும், ஈரக் கையால் தொட்டால் வழுக்கும், தோலை அரிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில், பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்டுக் காட்டினார். 1970களில் இந்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் விற்கச் சொன்னதும், இந்த வட்டாரத்தில் பட்டைக் குழிகள் குறைந்து, தோலைச் சுழற்றும் குரோம் டிரம்கள் பெருகின. குரோமுக்கு முன்னால் தோலை அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். ஆக ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் அமிலத் தண்ணீர். இரண்டும் தனித்தனிக் கால்வாயில் போகும்வரை பெரிய பிரச்சினை இல்லை. தொட்டியில் ஒன்றாகச் சேர்ந்த நொடியில் ஷீலேயின் வாயு பொங்கிக் கிளம்பும். சேராமல் இருந்தாலும், அடியில் படிந்த சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைத் தின்று அதே வாயுவைத் தயாரித்துக் கொண்டிருக்கும். சேற்றைக் கிளறும்போது குமிழ் குமிழாக வெளியே வரும். கிளறுவதற்காகத்தான் ஆள் இறங்குகிறார்.

இனி போருக்கு வருகிறேன். இந்தக் கதையில் என்னை உறங்கவிடாத பகுதி இங்கேதான் இருக்கிறது.

1895இல் லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் கழிவுநீர்க் குழியில் ஐந்து பேர் செத்தார்கள். முதலில் ஒருவர் இறங்கினார், மற்றவர்கள் அவரைக் காப்பாற்ற இறங்கினார்கள். நமக்குப் பழகிய அதே வரிசை. காரணம் கண்டுபிடிக்க அழைக்கப்பட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர். குழிக்காற்றைச் சோதித்து, கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு என்றார். அவர் சுரங்கங்களுக்குள் இறங்கியவர், வெடிவிபத்தில் மாண்ட தொழிலாளர்களின் உடல்களைப் பார்த்து எது கொன்றது என்று எழுதியவர், சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோனால் அவை முன்கூட்டி மயங்கி எச்சரிக்கும் என்று சொன்னவர். கெட்ட காற்றை மூடிய அறைக்குள் தானே சுவாசித்து, எந்த நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று குறித்துக்கொண்டவர். விஷவாயுவைப் பற்றிய இங்கிலாந்தின் அறிவில் பெரும்பகுதி இப்படிச் சாக்கடைக்காரர்களும் சுரங்கக்காரர்களும் செத்துக் கொடுத்த அறிவு.

இருபது ஆண்டுகள் கழித்து, 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு வெளியே ஜெர்மானியர்கள் 5,730 உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றோடு அனுப்பினார்கள். பின்னால் நின்று இயக்கியவர் ஃபிரிட்ஸ் ஹாபர். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரத்துக்கு வழிசெய்த அதே ஹாபர். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26, அந்தக் களத்துக்கு இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் நடந்தே வந்து சேர்ந்து தாக்குதலில் இறங்கியது. மறுபடி வாயு வந்தது. முகமூடி கிடையாது. நனைத்த கைக்குட்டையையும் தலைப்பாகைத் துணியையும் வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குப் பலரைத் தூக்கிச் சுமந்து காப்பாற்றிய ஜமேதார் மீர் தஸ்த், வீரத்துக்கான விக்டோரியா சிலுவை பெற்றார். நெஞ்சில் இறங்கிய வாயு அவரை விடவே இல்லை.

அந்தச் சிப்பாய்களின் கால்களில் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன். அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்து ஈ.ஐ. பசுத்தோல் தேவைப்பட்டது. போரின் நடுவில் லண்டன் போர் அலுவலகம் தகுதியான தோலை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் நின்றது. அந்தப் பக்கம் ஜெர்மனியில் ரப்பர் தட்டுப்பாடு வந்து, 1917இல் வாயு முகமூடிகளையே தோலால் தைத்தார்கள்.

ஈப்ரே தாக்குதல் நடந்தவுடன் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் யாரை பிரான்சுக்கு அனுப்பினார்? ஹால்டேனைத்தான். ஈஸ்ட் ஹாம் குழியில் செத்தவர்களைப் படித்த அதே கண்கள் குளோரினில் மூச்சுமுட்டிச் செத்த சிப்பாயின் நுரையீரலைப் படித்தன. பிறகு மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனையும் சேர்த்துக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் குளோரினைத் திறந்துவிட்டுத் தாங்களே சுவாசித்துப் பார்த்தார்கள். முகமூடி அப்படித்தான் படிப்படியாகப் பிறந்தது. 1915இல் ரசாயனத்தில் நனைத்த பஞ்சு. போர் முடியும்போது கரி நிரப்பிய டப்பாவும் குழாயும் கொண்ட முழு முகமூடி. முகமூடிக் கரிக்காக அமெரிக்கர்கள் 1918இல் வீடு வீடாகப் பழக்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் திரட்டினார்கள். மூன்றே வருடம். சிப்பாய் செத்தால் போர் தோற்றுப்போகும் என்பதால் பணமும் விஞ்ஞானிகளும் தொழிற்சாலைகளும் அந்த முகமூடிக்காக அணிவகுத்து நின்றன.

(அந்த மகன் 1925இல் ரசாயனப் போரை ஆதரித்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். குண்டை விட வாயு கருணையானது என்பது அவர் வாதம். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவரே 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.)

நம் வாயு 1916இல் களத்தில் இறங்கியது. குளோரினும் ஃபாஸ்ஜீன் என்ற இன்னொரு விஷவாயுவும் போதாத சமயத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு தடவை ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நாற்றம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. தீப்பிடித்து அனுப்புகிறவனையே சுடும் என்ற பயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். இது கொல்ல வேண்டுமானால் நான்கு பக்கமும் சுவர் வேண்டும், மேலே குறுகிய வாய் வேண்டும், காற்றே நுழையக் கூடாது. போர்க்களத்தில் அப்படி ஓர் இடம் அமையவில்லை. டேனரியின் கழிவுத் தொட்டியை அதற்கென்றே கட்டியது போல இருக்கிறது.

சோடியம் சல்பைடுக்கும் போரில் ஒரு பங்கு உண்டு. 1917 ஜூலையில் அதே ஈப்ரேயில் இறங்கிய கடுகு வாயுவுக்கு ஜெர்மனி பயன்படுத்திய மூலப்பொருள்களில் அதுவும் ஒன்று. கடுகு வாயு மூச்சோடு நிற்காது, தோலையும் பொசுக்கும். பூட்ஸின் தோலுக்குள் ஊறிப் பாதத்தைத் தொடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தோல். 1930களில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ராவல்பிண்டியில், பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள்மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். இந்தியத் தோல் வெள்ளைத் தோலைவிட அதிகம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கடுமையான தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் பலர். அந்தச் செய்தி பொதுவெளியில் பரவலாகத் தெரியவந்தது 2007இல்தான்.

உலகம் பிறகு சட்டம் எழுதியது. 1925இல் ஜெனீவா உடன்படிக்கை போரில் விஷவாயுவைத் தடுத்தது. தயாரிப்பதையும் வைத்திருப்பதையுமே தடைசெய்யும் ரசாயன ஆயுத ஒப்பந்தம் 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன்னிடம் 1,044 டன் கடுகு வாயு இருப்பதாக அறிவித்து, சர்வதேசக் கண்காணிப்பில் 2009க்குள் அத்தனையையும் அழித்தது. 2018 ஜனவரியில் 'ஆஸ்திரேலியா குழுமம்' என்ற அமைப்பில் இந்தியா சேர்ந்தது. ரசாயன ஆயுதத்துக்கு உதவக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டம் அது. அவர்கள் பட்டியலில் சோடியம் சல்பைடு இருக்கிறது. ஒரு மூட்டை எந்த நாட்டுக்குப் போகிறது, யார் வாங்குகிறார், எதற்கு என்று கேட்பதற்கு உலக அளவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அதே மூட்டை ஆம்பூரில் ஒரு டிரம்மில் கொட்டப்பட்டு, தண்ணீரோடு ஓடித் தொட்டியில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்க அத்தகைய ஏற்பாடு இல்லை.

வேலூர் என்றால் சட்டப் புத்தகங்களில் ஒரு வழக்கு நினைவுக்கு வரும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. பாலாறு கெட்டது, கிணறு கெட்டது, தென்னை பட்டுப்போனது எல்லாம் அந்த வழக்கால் வெளிச்சத்துக்கு வந்தன. அதற்காகப் போராடியவர்களை இந்த மாவட்டங்கள் மறக்கக் கூடாது. ஆனால் தண்ணீரை ஆற்றில் விடாதே என்றால் அதைத் தேக்க வேண்டும். தேக்கினால் தொட்டி, தொட்டி என்றால் சேறு, சேறு என்றால் அதை வார ஒருவர். திறந்த கால்வாயில் ஓடி நாறிக்கொண்டிருந்தது மூடிய தொட்டிக்குள் போனபோது, உள்ளே இறங்குகிறவரின் மூச்சைப் பற்றியும் அதே அழுத்தத்தோடு யோசித்திருக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர்மீது பாய்ந்தது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைக் கொன்றது வாயு அல்ல, சேறு. ஆனால் வாயு பிறப்பதும் அதே சேற்றில்தான்.

தினசரியில் செய்தி வரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். 'விஷவாயு தாக்கி இருவர் பலி.' வருடக்கணக்காக அதே தலைப்பு, எண் மட்டும் மாறும். தாக்குவது என்பது போர்ச்சொல். ஈப்ரேயில் தாக்கியது யார் என்று கேட்டால் ஒரு படையின் பெயர் வரும், உருளையைத் திறந்த ரெஜிமென்ட்டின் பெயர் வரும், ஹாபரின் பெயர் வரும். நம் செய்தியில் வாயுவே எழுவாய். அது தானாகக் கிளம்பி, தானாகத் தாக்கிவிட்டுப் போனது போல இருக்கிறது. இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை. தொட்டிக்குள் போனவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், ஏன் எப்போதும் அந்தத் தெருவிலிருந்தே வருகிறார் என்பதும் இல்லை. இந்த வட்டாரத்தில் சேறு வாருகிறவர்கள் தலித்துகள். இப்போது அவர்களோடு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த, மொழி தெரியாத பையன்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு சொன்னதைப் பாருங்கள். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் யாரையும் இறக்கக் கூடாது. தகுதியுள்ளவர் சோதித்து, உள்ளே வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால், இறங்குகிறவருக்குச் சுவாசக் கருவி வேண்டும், இடுப்பில் பெல்ட் வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். இரண்டாமவர் ஏன் சாகிறார் என்பதையும் யோசித்திருக்கிறார்கள், அதனால்தான் கயிறு. கயிறு இருந்தால் தூக்குவதற்கு இறங்க வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழியிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் தனிச் சட்டமே வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது.

தொழில்நுட்பமும் இருக்கிறது. சல்பைடுத் தண்ணீரையும் அமிலத் தண்ணீரையும் தொட்டிவரைக்கும் பிரித்தே கொண்டுபோகலாம், பைப் செலவுதான். சல்பைடுத் தண்ணீரில் மாங்கனீசு உப்பைச் சேர்த்துக் காற்றடித்தால் சல்பைடு மாறிவிடும். 1948இல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சல்பைடுக்குப் பதிலாக நொதிகளை வைத்து மயிர் நீக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. சேற்றை இயந்திரத்தால் உறிஞ்சலாம். ஈப்ரேக்குப் பிறகு மூன்றே வருடத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு முகமூடி போய்ச் சேர்ந்தது. ஈஸ்ட் ஹாம் குழியில் பிறந்த அந்த அறிவு போருக்குப் போய், வளர்ந்து, முகமூடியாகித் திரும்பும்போது குழிக்கு வந்துசேரவில்லை. நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

பெரியவரிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் இறங்குவதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பீர்கள் என்று.

"பேப்பரைக் கொளுத்திக் கயித்துல கட்டி உள்ளார உடுவோம் தம்பி. எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சா கொஞ்ச நேரம் கழிச்சு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தீ அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். ஆளைச் சாய்க்கிற அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் தொட்டியிலும் காகிதம் நன்றாகவே எரியும். வாயு இன்னும் கூடுதலாக இருந்தால் தொட்டியே பற்றிக்கொள்ளும். அவர் இருபத்தேழு வருடம் அந்தத் தீயை நம்பி இறங்கி ஏறியிருக்கிறார். உடன் இறங்கிய இரண்டு பேர் ஏறவில்லை என்றார். ஒருவர் அவருக்கு மச்சான் முறை.

அப்படியில்லை ஐயா என்று சொல்லி, வெள்ளி கறுத்த கதையையே எடுத்தேன். வெள்ளியைப் போலவே இந்த வாயு பட்டால் கறுக்கிற காகிதம் ஒன்று உண்டு, லெட் அசிட்டேட்டில் நனைத்த வெள்ளைத் தாள். குச்சியில் கட்டி உள்ளே விட்டால் காட்டிக்கொடுத்துவிடும். கறுத்தால் இறங்கவே கூடாது. கறுக்கவில்லை என்றாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, உள்ளே வேறு வாயு இருக்கலாம், ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், கயிறும் கட்ட வேண்டும் என்றேன்.

உள்ளே சுவரோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அவர் பேத்தி தலையைத் தூக்கினாள். பிளஸ் டூ படிக்கிறாள், அறிவியல் பிரிவு. "அண்ணா, அது எங்க கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல வருது" என்று ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தைப் புரட்டினாள். உப்புப் பகுப்பாய்வு. மூன்று கட்டம் போட்டு, நீல மையில், அடிக்கோடு எல்லாம் இட்டு அழகாக எழுதியிருந்தாள். உப்போடு நீர்த்த அமிலம் சேர்த்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நிறமற்ற வாயு வருகிறது. லெட் அசிட்டேட் தாளைக் கறுப்பாக்குகிறது. சல்பைடு உள்ளது. ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மைக் கையெழுத்து.

பெரியவர் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது. அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தத் தாளு இன்னா வெலை பாப்பா?"

"வெலையெல்லாம் இல்ல தாத்தா. லேப்ல டீச்சரே குடுப்பாங்க."